ஈரப்பெட்டிக்குள் நான்கு பாக்கெட்

மூடி வைத்த டப்பா எதைப் பார்த்தாலும் இன்றைக்கும் என் கை ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. முறுக்கு டப்பாவை எடுத்துத் தரச் சொன்னால்கூட, திறக்கலாமா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அன்றைக்கு அவளும்தான் என் பக்கத்தில் நின்றாள்.

பரவை மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. பார்மசி டிப்ளமோ முடித்த நாளிலிருந்து மாத்திரைகளோடுதான் வாழ்க்கை. இந்தத் தொழிலில் எங்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று டாக்டர்களின் கையெழுத்து, மற்றது ஈரம். கையெழுத்து போகப்போகப் பழகிவிடும். ஈரம் பழகாது. மாத்திரை டப்பாவுக்குள் குட்டியாக ஒரு வெள்ளைப் பாக்கெட் கிடக்குமே, தின்னாதே என்று எழுதி, அதற்குப் பெயர் சிலிக்கா ஜெல். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எல்லோரும் தூக்கிப் போடுகிற அந்தப் பாக்கெட்டுகளை நான் சேர்த்து வைப்பேன். பீரோவில் ஒன்று, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் ஒன்று, மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில்கூட ஒன்று இருந்தது.

அந்த மகள்தான் இப்போது வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஐந்தாவது வருடம், கடைசி வருடம். என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ஆரம்பத்தில் நான் பொதுவாக மருந்து சம்பந்தமாக என்று சொல்லி நழுவிவிடுவேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவளே விளக்கினாள். கிருமியைக் கொல்லக்கூடிய ஒரு சின்னப் புரதத் துண்டு இருக்கிறது. அது கிருமியின் மேல்தோலைத் தொட்டதும் அதன்மேல் படுத்துக்கொள்கிறதா, ஆணி மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறதா? இதுதான் கேள்வி. அந்த மேல்தோல் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கி நிற்கிற ஒரு சவ்வு. உண்மையான கிருமியை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. அதனால் அதே மாதிரிச் சவ்வை இவர்களே செய்து, கண்ணாடித் தகடுகளின் மேல் ஆயிரக்கணக்கான அடுக்காகப் படுக்க வைக்கிறார்கள். எல்லா அடுக்கும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். ஒன்று இப்படி, ஒன்று அப்படிக் கிடந்தால் புரதம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

"தலைமாடு கால்மாடு இல்லாமப் படுத்தா வெளங்காது. அம்புட்டும் ஒரே பக்கம் பாக்கணும்," என்றாள்.

தகடு என்றால் நம் ஜன்னல் கண்ணாடி இல்லை. நகத்தைவிடச் சற்றுப் பெரிது, வெங்காயச் சருகு போல மெலிசு. ஊதினால் பறக்கும், பிடித்தால் உடையும். கொழுப்பையும் புரதத்தையும் குளோரோஃபார்மில் கரைத்து, ஒவ்வொரு தகட்டிலும் சொட்டுச் சொட்டாகப் பரப்பி, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்துவாள். அப்புறம் காற்றே இல்லாத பாத்திரத்துக்குள் ஒரு நாள் முழுக்க வைத்து, மிச்சம் மீதி குளோரோஃபார்மையும் இழுத்துவிடுவாள். அந்த வேலை நடக்கிற நாட்களில் வீட்டுக்கு வந்தும் அதே பேச்சாக இருக்கும். ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாது, துளி தண்ணீர் பட்டால் போச்சு என்பாள். ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு இதைவிட இனிமையான பேச்சு உண்டா? என் மகள் என் வழியில் வந்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை.

அடுத்த கட்டத்தை அவள் சொல்லாமல் இல்லை. நான்தான் காது கொடுக்கவில்லை. நன்றாக உலர்ந்த அந்தப் படலத்துக்குப் பிறகு ஈரம் கொடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றக்கூடாது, தெளிக்கக்கூடாது. ஒரு மூடிய பெட்டிக்குள் ஈர உப்பு நிறைந்த கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் தகடுகளைப் பரப்பி, உடம்புச் சூட்டில் இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். கிண்ணத்திலிருந்து எழும் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்துக் கொழுப்பு மூலக்கூறுகள் தாமாகவே வரிசையில் படுத்துக்கொள்ளும். வெள்ளையாக மங்கிக் கிடந்த தகடு கண்ணாடி போலத் தெளிந்துவிடும். உப்பு எதற்கென்றால், பெட்டிக்குள் ஈரம் கூடாமல் குறையாமல் ஒரே அளவில் நிறுத்தி வைக்க.

இது நடந்த சித்திரையில் அவள் செய்தது மூன்றாவது தடவை. முதல் தடவை பெட்டி மூடியில் கோத்திருந்த நீர் சொட்டித் தகடுகள் பாழாயின. இரண்டாவது தடவை சென்னை வரை கொண்டுபோய்ப் பார்த்ததில் சவ்வு கன்னாபின்னாவென்று கிடந்தது தெரிந்தது. அந்தச் சோதனைக்கான பெரிய காந்தக் கருவி சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. அதில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த முறை வெள்ளிக்கிழமை காலை என்று கொடுத்திருந்தார்கள். இதை விட்டால் அடுத்த நாள் கிடைப்பதற்குள் அவளுடைய ஐந்து வருடம் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் புரதத்தை எட்டு மாதம் உட்கார்ந்து துளித்துளியாகச் சேர்த்திருந்தாள். கடைசித் துளிவரை இந்தத் தகடுகளில் போய்விட்டது. மறுபடி செய்வோம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இப்படியிருக்க, செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆய்வுக்கூடம் இருக்கும் பக்கம் முழுக்கப் பகலில் கரண்ட் இருக்காது என்று அறிவித்துவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு. சூட்டைக் காக்கிற பெட்டி அணைந்துவிடும். ஞாயிறு சாயங்காலமே ஈரம் குடிக்க ஆரம்பித்த தகடுகள் அதற்குள் இருந்தன. எங்கள் வீடு கீழக்குயில்குடி போகிற சாலையில் இருக்கிறது, ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அவள் மாடி அறைக்கு ஒரு தெர்மாமீட்டரோடு ஏறிப் போய் அளந்து பார்த்தாள். சித்திரை வெயில், மேலே தளம், பக்கத்தில் சமணமலைப் பாறை வேறு வாங்கி வாங்கித் திருப்பித் தருகிற சூடு. முப்பத்தேழு டிகிரி.

"நாங்க லேப்ல கரண்டச் செலவழிச்சு உண்டாக்குற சூடு, நம்ம மாடியில சும்மா கெடக்குப்பா," என்றாள்.

செவ்வாய்க் காலை பெட்டி வந்தது. கிளிப் வைத்த சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாதான், சப்பாத்தி வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாடி மேஜையில் வைத்துவிட்டு, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கக் கிளம்பினாள். சூடு ஒரே சீராக இருக்க வேண்டும், மூடியில் நீர் கோத்துச் சொட்டிவிடக் கூடாது, சாயங்காலம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் கையில் அவள் கண் சொருகிக் கிடந்தது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அதன்பிறகு அவளைச் சேர்ந்த எதையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். அவள் பரீட்சை எழுதப் போனால் நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பேனா வைத்திருப்பேன். அவளிடம் ஏற்கெனவே நான்கு பேனா இருக்கும்.

இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. கோடை மழை, வந்தால் பத்து நிமிடம். ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், டப்பாவின் மூடிக்கு உட்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கிப்போய், ஓரத்தில் முத்து முத்தாக நீர் கட்டத் தொடங்கியிருந்தது. முதல் தடவை பாழானது இப்படித்தானே? போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு தானியங்கிச் செய்தி வந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து டப்பாவைக் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த கிண்ணத்தில் உப்பு சேறு மாதிரிக் கிடந்தது.

"உப்பு தண்ணி விட்டுப்போச்சுங்க. நாலு அரிசியப் போட்டா சரியாப் போயிரும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆராய்ச்சிப் பெட்டிக்குள் யாராவது அரிசி போடுவார்களா? படித்தவன் செய்கிற மாதிரிச் செய்ய வேண்டாமா? கீழே போய்க் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவினேன், கையுறை மாட்டினேன், முகக்கவசம் கட்டினேன். கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, மூடியைத் தூக்கி, காயத்துக்குக் கட்டுகிற, புதிதாகப் பிரித்த காஸ் துணியால் உட்பக்கத்தை ஒற்றி எடுத்தேன். ஒரு சொட்டுகூடத் தகட்டில் விழவில்லை. பிறகு மேஜை டிராயரில் இருந்து நல்ல பாக்கெட்டாகப் பார்த்து நான்கு சிலிக்கா ஜெல் எடுத்து, மூலைக்கு ஒன்றாக வைத்து மூடினேன். அரைமணி நேரத்தில் மூடி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த திருப்தி, கடை திறந்த முதல் நாள்கூட இருந்ததில்லை.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். நான் மாடிக்குப் பின்னாலேயே போனேன், பாராட்டு வாங்க.

அவள் டப்பாவின் முன்னால் நின்றாள். தொடவில்லை. மூலைக்கு மூலை இருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இது யாருப்பா வச்சது?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மழையைச் சொன்னேன், மூடியைச் சொன்னேன், போன் எடுக்காததைச் சொன்னேன், கை கழுவியதைக்கூடச் சொன்னேன். அவள் தகடுகளைக் காட்டினாள். காலையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்த தகடுகள், மோர் தெளித்துக் காய்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஒன்றரை நாளுக்கு மேலாகக் குடித்த ஈரத்தை என் பாக்கெட்டுகள் மூன்று மணி நேரத்தில் பிடுங்கியிருந்தன. ஈரம்தான்ப்பா வேண்டியது என்று அவள் சொன்னபோது, அதை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள் என்பது அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பாக்கெட்டுகளை வைத்த என் கையைப் பார்த்தேன். மருந்துச் சீட்டை வாங்கி வாசித்து ஒரு தடவைகூடத் தவறான மாத்திரை எடுத்துக் கொடுக்காத கை. மனைவி வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி போடவா என்று கேட்டாள். கேட்ட கையோடு போய்ப் போட்டுக்கொண்டும் வந்தாள்.

காபி பாதி ஆனபோது மகள் விரல் விட்டு மணியை எண்ண ஆரம்பித்தாள். படலம் கெட்டுப்போகவில்லை, காய்ந்துதான் போயிருக்கிறது. மறுபடி இரண்டு முழு நாள் ஈரம் குடித்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இரண்டு நாள் என்றால் வியாழன் சாயங்காலம். ஆனால் வியாழன் காலையிலேயே சென்னைக்கு ரயில். முதலில் போட்டிருந்த திட்டப்படி புதன்கிழமையே தகடுகளை வெற்றிலைக் கவுளி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுப் புகாமல் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். இப்போது அது முடியாது. திறந்த தகடுகளும் உப்புக் கிண்ணமும் உள்ளே இருக்க, பெட்டியை அப்படியே ஈரம் குடிக்க வைத்துக்கொண்டே ரயிலில் போக வேண்டும். வழியில் சூடு இறங்கக்கூடாது. உப்புத் தண்ணீர் தளும்பித் தகட்டில் தெறித்தால் அதோடு முடிந்தது.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் சூடு சீராக இருக்க வேண்டிய பொருளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது என் வேலை. இன்சுலின் எனக்கு எதில் வருகிறது? தெர்மாகோல் பெட்டியில், ஜெல் பேக் வைத்து. குளிருக்குப் பதிலாகச் சூடு, அவ்வளவுதானே. தளும்புவதற்கும் வழி சொன்னேன், உப்புத் தண்ணீரைப் பஞ்சில் ஊறவைத்தால் பெட்டியைக் கவிழ்த்தால்கூடச் சிந்தாது. சொல்லிவிட்டு, இனிமேல் நான் எதையும் தொடமாட்டேன், நீயே செய் என்றேன். அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சு சரிதான் என்றாள்.

பெட்டி அன்று சாயங்காலமே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியது. புதன்கிழமை நான் கடையில் இருந்தேன், ஆனால் இல்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வாய் கொப்பளிக்கிற மருந்தை நீட்டினேன். நல்லவேளை, மச்சினன் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க செத்த நேரம் ஓரமா உக்காருங்க," என்று என்னைக் கல்லாவை விட்டே எழுப்பிவிட்டான். மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போய், இரண்டு டஜன் ஜெல் பேக்கை மொட்டைமாடித் தளத்தில் வரிசையாகக் காயப் போட்டேன். நாளைக்குத் தாங்குமா என்று சோதனை ஓட்டம். பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அம்மா, என்ன வத்தல் இது, புதுசா இருக்கு என்று கேட்டார். நீலக் கலரில் வத்தலைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

வியாழன் காலை ரயிலில் ஏசி இல்லாத பெட்டியாகப் பார்த்து இடம் எடுத்திருந்தோம். ஏசியில் உட்கார்ந்தால் சூடு இறங்கி மூடியில் நீர் கட்டும். தெர்மாகோல் பெட்டி என் மடியில். உள்ளே வெந்நீரில் போட்டெடுத்த ஜெல் பேக்குகளுக்கு நடுவில் அவளுடைய டப்பா. பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரின் முனையை உள்ளே செருகியிருந்தேன். அதில் முப்பத்தேழு துல்லியமாகக் காட்டும், அதற்காகவே செய்தது. அரைமணிக்கு ஒருதரம் அதை அமுக்கிப் பார்த்து அவளிடம் சொல்வேன். முப்பத்தேழு. முப்பத்தேழு புள்ளி இரண்டு. திண்டுக்கல் தாண்டும்போது முப்பத்தாறரைக்கு இறங்கியது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி அரைமணிக்கு ஒருதரம் பார்த்திருக்கிறேன், அப்போது இறங்க வேண்டும் என்று. வெளியே இருந்த இரண்டு பேக்குகளை ஜன்னல் கம்பியோரம் வெயிலில் பிடித்துச் சூடேற்றி மாற்றி வைத்தாள். திருச்சிக்குள் நுழையும்போது பழையபடி முப்பத்தேழு.

எதிர் இருக்கையில் இருந்தவர் உசிலம்பட்டிப் பக்கம், பேத்தியைப் பார்க்கப் போகிறாராம். ரொம்ப நேரம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, ஐஸ் பெட்டியில என்ன, மீனா?"

இல்லை என்றேன். மருந்தா என்றார். மருந்தும் இல்லை, ஒருவிதமான கொழுப்பு, சோதனைக்குக் கொண்டுபோகிறோம் என்றேன்.

அவர் பெட்டியையும் என்னையும் பார்த்தார். "அதுக்கு ஏண்ணே பெட்டி? எங்கூட்டு ஆளுகள அப்படியே கூட்டியாந்திருப்பேனே."

இரண்டு நாளில் முதல்தடவையாக மகள் சிரித்தாள். அந்த மனிதருக்கு நான் விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

தாம்பரத்தில் இறங்கி, அவளுடைய தோழியின் வீட்டில் தங்கினோம். மாலை அவள் தெர்மாகோல் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். தெளிஞ்சிருக்கு என்று சொன்னாள். கொஞ்சம் கழித்து, ஒரு ஓரத்தைத் தவிர என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்தில் தகடுகளை அடுக்கிச் சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். காந்தம் இருக்கிற அறை. தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமே என்னிடமிருந்து சாவிக்கொத்து, போன், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பால் பண்ணையில் பால் கொட்டி வைக்கிற பெரிய பீப்பாய் மாதிரி இருந்தது காந்தம், காலூன்றி நின்றது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். சவ்வு ஒழுங்காகப் படுத்திருந்தால் திரையில் ஊசி மாதிரி ஒற்றைக் கோபுரம் எழும்பும், கலைந்து கிடந்தால் மலைச்சரிவு மாதிரிப் பரந்து கிடக்கும் என்று வழியிலேயே சொல்லியிருந்தாள். அது சரியாக இருந்தால்தான் புரதத்தைப் பற்றிய கேள்விக்கே போக முடியும்.

ஒரு மணி நேரம் திரையில் புல் முளைத்த மாதிரி ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். புல்லுக்கு நடுவில் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கருவியைக் கவனிக்கிற பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். மகள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"வந்துருச்சுப்பா."

நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஒற்றைக் கோபுரம், நல்ல உயரம். வலது பக்கம் தரையோடு ஒட்டி, எறும்புப் புற்று மாதிரி ஒரு சின்ன மேடு. அது என்ன என்று கேட்டேன்.

"அதா? அது உங்க பாக்கெட்டு."

அதை அழித்துவிட முடியாதா என்றேன். இருக்கிறதை இருக்கிற மாதிரித்தான் காட்ட வேண்டும், இம்புட்டுக்குண்டு மேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, புரதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வரை அந்தப் புரதத்தைத் துருவினார்கள். படுத்துத்தான் கிடக்கிறதாம், குத்தி நிற்கவில்லையாம். ஐந்து வருடம் இதற்குத்தானா என்று கேட்க வாய் வந்தது, நல்லவேளை கேட்கவில்லை.

போன மாதம் அவள் ஆய்வேட்டைக் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் ஒரு பிரதி வைத்தாள். அந்தப் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. வலது ஓரத்து மேட்டின் மேல் ஒரு அம்புக்குறி போட்டு, ஒழுங்கில் படாத சிறு பகுதி என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தகடுகள் இடையில் ஒருமுறை உலர்ந்து மீண்டும் ஈரமூட்டப்பட்டன என்று செய்முறைப் பக்கத்தில் இன்னொரு வரி. எப்படி உலர்ந்தன, யாரால் உலர்ந்தன என்றெல்லாம் இல்லை. அந்த வரியை நான் நின்றுகொண்டே நாலைந்து தடவை வாசித்தேன்.

மனைவி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, இதில் நாம் செய்த வேலை எது என்று கேட்டாள். அம்புக்குறிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தேனா? நல்லவேளை, அரிசியப் போடல," என்றாள்.